குடியிருப்பு வந்தபின் ஈரநிலத்தில் இறங்கிய மழைநீர்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

நாணல்:

எங்கள் வீட்டுக்குப் பின்புறமுள்ள ஈரநிலத்தைப் பதினைந்து ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அதன் மேட்டுப்புறப் புதர்க்காட்டை அழித்து மனைகளாகப் பிரித்த ஆண்டில்தான், கோரைகளுக்கு நடுவே தெளிந்து கிடந்த நீர் முதன்முறையாகச் செம்மண் குழம்பாக மாறியதைக் கண்டேன். ஈரநிலத்துக்குக் கேடு என்றால் அது குப்பையும் கழிவுநீரும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். வெறும் மழைநீரே அதை அழிக்க முடியும் என்பது, கொட்டும் மழையில் குடை பிடித்துக்கொண்டு புதிய வடிகாலின் வாயருகே நின்றபோதுதான் புரிந்தது. நீர் விழுந்த வேகத்தில் அங்கே முழங்கால் ஆழத்துக்குக் குழி பறிந்திருந்தது. பெயர்ந்த மண் சற்றுத் தள்ளி விசிறிபோல் பரவி, கோரைத் தூர்களை மூடியிருந்தது.

மரமும் புல்லும் அடர்ந்த நிலத்தில் பெய்யும் மழையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மேலாக ஓடிப்போகும். அதே நிலத்தின் முக்கால் பங்குக்கு மேல் கூரையும் சாலையுமாக மூடிவிட்டால், பாதிக்கும் மேற்பட்ட நீர் ஓடத் தொடங்கிவிடும். ஒரு ஹெக்டேரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 5 லட்சம் லிட்டர் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தக் குழி எப்படி விழுந்தது என்று வியக்கத் தோன்றாது.

கட்டுமான நிறுவனம், ஓடிவரும் நீரைத் தேக்கி மண்ணை அடியில் படியவிடும் வண்டல் குட்டை ஒன்றை வெட்டி வைத்திருந்தது. அதைக் காட்டித்தான் எங்கள் முறையீட்டுக்குப் பதில் சொன்னார்கள். நான் குட்டைக்குள் வரும் நீரில் ஒரு கண்ணாடிப் புட்டியும் வெளியேறும் நீரில் ஒரு புட்டியும் பிடித்து வந்து ஜன்னலோரம் வைத்தேன். முதல் புட்டியில் மணல் சில நிமிடங்களிலேயே அடியில் படிந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு புட்டிகளும் ஒன்றுபோலவே கலங்கி நின்றன. மூன்றாம் நாளும் கலக்கம் முழுதாகத் தெளியவில்லை. குட்டை மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு நுண்ணிய களிமண்ணை விட்டுவிடுகிறது. பாசி பெருகக் காரணமான பாஸ்பரஸோ பெரும்பாலும் அந்தக் களித்துகள்களில்தான் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆகவே குட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண்ணைப் பெயரவிட்டபின் பிடிப்பதைவிடப் பெயராமல் காப்பதே முதல் வேலை: ஒரே வீச்சில் முழு நிலத்தையும் வழித்தெடுக்காமல் பகுதி பகுதியாகத் தோண்டுவதும், தோண்டிய இடத்தை வைக்கோலால் மூடி உடனே புல் விதைப்பதும் வேண்டும் என்று இப்போது ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டு வருகிறேன். அந்த இரண்டு புட்டிகளையும் கூடவே எடுத்துச் செல்கிறேன்.

தவளைக்குரல்:

நாணல் அவர்கள் மண்ணைப் பற்றிச் சொன்னார். எங்கள் இடத்தில் சிக்கல் நீரின் போக்கில் இருந்தது. அளவுக்கோடுகள் வரைந்த கம்பு ஒன்றை ஈரநிலத்தில் நட்டு நான்கு ஆண்டுகள் குறிப்பெடுத்தேன். வீடுகள் வருவதற்கு முன் மழைக்குப் பின் நீர்மட்டம் மெல்ல ஏறி, நாள்கணக்கில் நின்று இறங்கும். வீடுகள் வந்தபின் ஒரே பிற்பகலில் ஒரு முழம் ஏறி, இரண்டு நாளில் இறங்கிவிட்டது. தண்டுகளில் ஒட்டியிருந்த தவளை முட்டைத் திரள்கள் நீருக்கு மேலே காய்ந்து தொங்கியதை அந்த வாரம் கையால் தொட்டுப் பார்த்தேன். மேலே நிலத்துக்குள் இறங்க வேண்டிய நீர் இறங்காததால், கோடையில் ஊற்றும் குறைந்தது. வெள்ளமும் வறட்சியும் ஒரே காரணத்தால் வரும் என்பதை மற்றவர்களுக்கு விளக்குவதுதான் கடினமாக இருந்தது.

குடியிருப்போர் சிலர் தங்கள் கூரைக் குழாய்களை வடிகாலிலிருந்து பிரித்து, செடிகள் நட்ட ஆழமற்ற பள்ளங்களுக்குத் திருப்பினார்கள். அந்தப் பக்க நீர் இப்போது நிதானமாக வருகிறது. மறுபக்கம் இன்னும் பழையபடிதான்.

சாலை நீரையும் இப்படி மண் வழியாக வடித்தாக வேண்டும் என்பேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் முட்டையிடும் முன்பே செத்து மிதந்ததற்கு, டயர்த் தேய்மானத்திலிருந்து வரும் ஒரு வேதிப்பொருளே காரணம் என்று 2020இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அத்தகைய சாலை நீரை மணலும் மக்கிய உரமும் கலந்த அடுக்கின் வழியே வடித்து விட்டபோது மீன்கள் பிழைத்துக்கொண்டதையும் அங்கே சோதனையில் கண்டிருக்கிறார்கள்.

கரைநடை:

சிறிய அனுபவம்தான். கட்டுமான இடத்தின் ஓரத்தில் வண்டல் தடுப்புத் துணி நேர்த்தியாகக் கட்டியிருந்தது, ஆனால் அதன் அடிவிளிம்பை மண்ணுக்குள் புதைக்கவில்லை. வெயில் நாளில் பார்த்தவர்களுக்கு அது குறையாகவே தெரியவில்லை. மழையில் நான் போனபோது சேற்று நீர் துணிக்குக் கீழே கைநுழையும் இடைவெளியில் புகுந்து ஓடிக்கொண்டிருந்தது. நேரம் தெரியும்படி படம் எடுத்து மேற்பார்வையாளரிடம் காட்டினேன். அன்று மாலையே ஆட்களை வைத்து 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, விளிம்பைப் புதைத்து மண்ணை மிதித்து இறுக்கினார். இரண்டு மழைக்குப் பின் மறுபடி போய்ப் பார்த்தேன். துணியின் மேட்டுப்புறத்தில் ஒரு சாண் வண்டல் நின்றிருந்தது. அதை அள்ள வேண்டிய நாள் எது என்று கேட்டு மறுநாளே கடிதம் கொடுத்தேன்.