காசநோய் சிகிச்சை முடிவுகள்: நாடுகளை ஒப்பிட்டவர்களின் அனுபவம்

பல நாடுகளின் காசநோய்ப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்க்கும் வேலை என்னுடையது. வெற்றி விகிதம் எவ்வளவு என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். எத்தனை பேரில் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஒரு இடத்திலிருந்து வந்த அட்டவணை அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் குணமானவர், சிகிச்சை முடித்தவர், தோல்வி, இறந்தவர், இடையில் விட்டவர் எல்லாரையும் கூட்டினாலும் பதிவானவர்களின் எண்ணிக்கை வரவில்லை. கேட்டால், வேறு ஊருக்கு மாற்றி அனுப்பியவர்களைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்களாம். "அவங்க இப்போ எங்க நோயாளிகள் இல்லையே" என்றார் அலுவலர். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தின் பதிவேட்டில் பலரைக் காணோம். மருந்து பாதியில் நின்றிருந்தால் நோய் திரும்பலாம், மருந்துக்கு அடங்காமலும் போகலாம். நாம் தேட வேண்டியவர்களே இவர்கள்தான். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில், சிகிச்சை முடிவு தெரியாத இவர்கள் 'மதிப்பிடப்படாதவர்கள்'. மொத்த எண்ணிக்கையில் இவர்களும் இருந்தாக வேண்டும். சேர்த்ததும் விகிதம் இறங்கியது. அதை அப்படியே வெளியிட வைத்தோம்.

இது புதிய விஷயமும் இல்லை. ஒரே காலாண்டில் சேர்ந்த அத்தனை பேரையும் ஒரு குழுவாகக் கடைசிவரை பின்தொடரும் முறையை, 1970-களின் இறுதியில் தான்சானியாவில் காசநோய் வல்லுநர் கரெல் ஸ்டிப்லோ நடைமுறைப்படுத்திக் காட்டிவிட்டார்.

———

மேலே எழுதியவரோடு உடன்படுகிறேன். நான் மருத்துவர். இறப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிகிச்சைக் காலத்தில் எந்தக் காரணத்தால் இறந்தாலும், சாலை விபத்தானாலும், 'இறந்தவர்' என்றுதான் பதிவாகும். காரணத்தைத் தேடித் தீர்மானிப்பது நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் இந்த விதி சரியானதே. ஆனால் நோயாளிகளில் முதியவர் அதிகம் உள்ள நாட்டில் வெற்றி விகிதம் இதனாலேயே குறையும். வயது வாரியாகப் பிரிக்காமல் அந்தத் திட்டத்தைக் குறை சொல்வது அநியாயம்.

அப்புறம், சளிப் பரிசோதனை. கிருமி மறைந்தது அதில் உறுதியாகாவிட்டால் நன்றாகத் தேறியவரும் 'சிகிச்சை முடித்தவர்' ஆவார், 'குணமானவர்' ஆக மாட்டார். குழந்தைகளுக்குச் சளி எடுப்பதே கஷ்டம். அதனால் இரண்டையும் சேர்த்தே ஒப்பிடுகிறேன்.

மாற்றி அனுப்புகிறவர்களுக்கு நாங்கள் செய்வது இதுதான்: பழைய பதிவெண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். போய்ச் சேர்ந்த தகவல் வரும்வரை எங்கள் பதிவேட்டில் அந்த வரியை மூடுவதில்லை.