மென்ஷனுக்கு நிற்பது வேலையா, இல்லையா?

கருப்பு ஜாக்கெட்:
நேற்று இங்கே பழைய கிராணி ஐயா எழுதியிருந்தார்: “இந்தக் காலத்து ஜூனியர் லாயர் பிள்ளைகள் கோர்ட்டில் மென்ஷன் என்று இரண்டு நிமிடம் நின்று, வழக்குக்கு அடுத்த தேதி வாங்கி வருகிறார்கள். அதற்குப் போய் வேலைப்பளு என்று அழுகிறார்கள்.” ராத்திரி முழுக்க இது உறுத்திக்கொண்டே இருந்தது. நான் நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் பிள்ளை. அம்மா தோட்டத்தில் ரப்பர் மரத்துப் பால் வெட்டியவர். ஈப்போவில் பதினைந்து லாயர் உள்ள ஒரு ஃபர்மில் எனக்கு இது இரண்டாம் வருடம். போன செவ்வாய் விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பித் தெலுக் இந்தான் போனேன். முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குத்தான் ஃபைல் என் மேசைக்கே வந்தது. பட்டியலில் எங்கள் கேஸ் 31ஆவது. பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டார்கள். நின்றது இரண்டு நிமிடம், சரி. மற்ற நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

பழைய கிராணி:
நீயே ஒத்துக்கொண்டாயே மா, இரண்டு நிமிடம் என்று. தோட்டத்து ஆபீஸில் 30 வருடம் செக்ரோல், அதாவது ஆள் வருகை, சம்பளப் பதிவேடு, எழுதியவன் நான். பெரட்டுக்கு, காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நின்ற நேரத்துக்கும் காட்டுக்கு நடந்த நேரத்துக்கும் யாரும் சம்பளம் கேட்கவில்லை. பால் எடைக்குத்தான் காசு.

கருப்பு ஜாக்கெட்:
அது நியாயம் என்றா சொல்கிறீர்கள்? என் அம்மா நடந்த நடையை நீங்கள் எழுதாமல் விட்டதுதான் ஐயா எங்கள் வீட்டுக் கதை. இப்போது அதே பேனாவை எடுத்துக்கொண்டு என்னிடமும் வருகிறீர்கள்.

மூன்றாம் லயம்:
நல்லா கேட்டாய் தங்கச்சி.

தைப்பிங் தம்பி:
ஒரு சந்தேகம் அக்கா. இப்போதுதான் ஈ-ரிவியூ வந்துவிட்டதே? கம்ப்யூட்டரில் தட்டினால் மாஜிஸ்திரேட் அங்கிருந்தே தேதி கொடுக்கிறார். அப்புறம் எதற்குத் தெலுக் இந்தான்?

கருப்பு ஜாக்கெட்:
சிவில் கேஸில் பலதும் அப்படி நடக்கிறது தம்பி. இது கிரிமினல் கேஸ். குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் நிற்க வேண்டும், அவருக்குப் பக்கத்தில் நானும் நிற்க வேண்டும். சிவிலிலும் அந்த “இரண்டு நிமிடம்” விளையாட்டல்ல. 2012 நீதிமன்ற விதிகள், ஆர்டர் 34ஐ எடுத்துப் பாருங்கள். கேஸ் மேனேஜ்மென்டுக்கு, அதாவது விசாரணைக்கு முன் வழக்கை ஒழுங்குபடுத்தும் அமர்வுக்கு, ஆள் வராவிட்டால் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்யலாம், எதிர்வாதத்தை நீக்கலாம், தீர்ப்பே எழுதிவிடலாம். தோட்டத்தை விட்டுப் போன ஒருவரின் வீட்டு வழக்கு, வழியில் என் டயர் பஞ்சரானதால் தோற்றுப் போய்விடலாம்.

பழைய கிராணி:
டயர் பஞ்சருக்கும் லாயர் படிப்புக்கும் என்ன சம்பந்தம்? நான் கேட்டது ஒன்றே ஒன்று. இரண்டு நிமிடமா, இல்லையா?

கருப்பு ஜாக்கெட்:
படிப்பு பற்றியே பேசுவோம். சட்டப்படி 9 மாதம் சேம்பரிங், அதாவது லாயர் ஆவதற்கு முன் ஒரு மூத்த லாயரிடம் பயிற்சி. பார் கவுன்சில் என்ற வழக்கறிஞர் மன்றம் எழுத்தில் அனுமதி கொடுக்காமல் அந்த 9 மாதமும் வேறு வேலை பார்க்கக் கூடாது. 2023இல் நான் சேம்பரிங் செய்தபோது மாதம் 1,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தார்கள். நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் அப்போது 1,500. அதைக் கேட்டால் “இது சம்பளம் இல்லை, அலவன்ஸ்” என்றார்கள். அம்மா தன் சங்கிலியை அடகு வைத்து என் மோட்டாருக்கு எண்ணெய் போட்டார்.

மூன்றாம் லயம்:
கிராணி ஐயா, தோட்டத்தில் ஆள் குறைத்தபோது ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம் வர வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தது? நீங்களா? ஒரு ஜூனியர் லாயர் வந்து கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்.

பழைய கிராணி:
கோயிலை இழுக்காதே. திருவிழாக் கணக்கு இன்னும் காட்டாத ஆள்தானே நீ?

மூன்றாம் லயம்:
கணக்கு நோட்டு தலைவரிடம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பாருங்கள்.

தைப்பிங் தம்பி:
அண்ணே, ஐயா, அதை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கிராணி:
சரி, இதற்குப் பதில் சொல் மா. என் மகன் 200,000 வெள்ளிக்கு வீடு வாங்கினான். உங்கள் ஆபீஸில் 2,500 வாங்கினீர்கள். சொந்த ஊர்க்காரன் என்று ஒரு வெள்ளிகூடக் குறைக்கவில்லை. அதற்கும் இரண்டு நிமிடம்தான் கையெழுத்து.

கருப்பு ஜாக்கெட்:
ஆக, இதுதான் உள்ளே இருந்ததா! அது கட்டண விதியில் உள்ளது ஐயா. முதல் 500,000 வெள்ளிக்கு 1.25 விழுக்காடு. பணம் ஃபர்முக்குப் போனது, என் கைக்கு அல்ல. அந்தப் பத்திரத்தை மூன்று இரவு உட்கார்ந்து பார்த்தது நான். உங்கள் மகனின் அடையாள அட்டை எண்ணில் ஒரு எண் மாறியிருந்தது. நில ஆபீஸ் திருப்பி அனுப்புவதற்குள் அதைப் பிடித்ததும் நான்தான். மகனைக் கேளுங்கள்.

பழைய கிராணி:
அவனிடம் கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

கருப்பு ஜாக்கெட்:
நாளைக் காலை ஒன்பது மணிக்குத் தைப்பிங் கோர்ட். மணி இப்போது இரவு எட்டே முக்கால். ஃபைல் இன்னும் வரவில்லை.

பழைய கிராணி:
எத்தனை நிமிடம் நின்றாய் என்று வந்து எழுது.