ஆர்6 இருந்த இடத்தில் ஆர்7 உட்கார முடியுமா?

ரெட்லைன்: யூரோ 5 என்ற ஐரோப்பியப் புகை விதி வந்ததும் யமஹா ஐரோப்பிய சாலைகளிலிருந்து ஆர்6 பைக்கை எடுத்துவிட்டு, 2021-ல் ஆர்7 பைக்கைக் காட்டினார்கள். எடை 190 கிலோவுக்குப் பதில் 188, பவர் 118-லிருந்து 73 குதிரைக்கு இறக்கம். இதையும் சூப்பர்ஸ்போர்ட் (ரேஸ் பைக் மாதிரியான சாலை பைக்) என்றே கூப்பிட வேண்டுமாம்!

ஊர்சுத்தி: அந்த 118 எங்கே கிடைக்கிறது என்றும் சொல்லுங்க பாஸ். 14,500 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு அத்தனை சுற்று சுற்றும்போது. சாலையில் அதுவரை முறுக்கினால் முதல் கியரிலேயே 100 கிமீ தாண்டிவிடும். ஆர்7 6,500-லேயே 67 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) தருகிறது, ஆர்6-க்கு 61.7, அதுவும் 10,500-ல். கொண்டை ஊசி வளைவை விட்டு வெளியே வரும்போது ஆர்6 தூங்கி வழியும், ரெண்டு கியர் இறக்கினால்தான் முழிக்கும்.

ரெட்லைன்: சரி, இறக்குங்களேன், கியர் எதற்கு இருக்கிறது? சக்கரத்துக்கு டார்க் கியர் வழியாகத்தான் போகிறது. ஒரே வேகத்தில், சரியான கியரில், பின்சக்கரம் எவ்வளவு தள்ளும் என்பதைப் பவர்தான் முடிவு செய்யும்.

வால்வு: ஆர்6 இன்ஜினைப் போட்டு வதைக்கிறோம் என்றொரு பேச்சு உண்டு, கணக்குப் போட்டால் அப்படி இல்லை. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 42.5 மிமீதான், 14,500-ல் சராசரி பிஸ்டன் வேகம் நொடிக்கு 20.5 மீட்டர். ஆர்7-க்கு ஸ்ட்ரோக் 68.6, அது 8,750-ல் 20 மீட்டர். கிட்டத்தட்ட ஒன்றே! பிரச்சினை மேலே, வால்வுகள் இருக்கும் சிலிண்டர் ஹெட்டில். அவ்வளவு வேகத்தில் காற்றை உள்ளே இழுக்க இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு ரெண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தை நீட்டியாக வேண்டும், அப்போது குறைந்த ஆர்பிஎம்மில் எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சருக்கு ஓடிவிடும். புகை விதி பிடிப்பது அங்கேதான்.

ரெட்லைன்: அப்படியானால் அதே 67 x 42.5 மிமீ (சிலிண்டர் விட்டம் x ஸ்ட்ரோக்) இன்ஜினோடு ஹோண்டா 2024-ல் சிபிஆர்600ஆர்ஆர் பைக்கை ஐரோப்பாவுக்குத் திரும்பக் கொண்டுவந்தது எப்படி? முடியாது என்பதில்லை, யமஹாவுக்குச் செலவு செய்ய மனமில்லை.

ஊர்சுத்தி: வாங்க ஆள் இருந்தால் மனமும் வந்திருக்கும். கவாசாகியைப் பாருங்க, ஸ்ட்ரோக்கை 45.1 ஆக்கி 636 சிசி போட்டது எதற்கு? நடுவில் இழுவை வேண்டும் என்றுதானே.

ரெட்லைன்: ஆமாம், ஆனால் அதிலும் ஆர்6 போலவே சிலிண்டர் நாலுதான், ஆர்7 மாதிரி ரெண்டு இல்லை.