இம்பாக்ட் கன்னுக்குப் பழைய குரோம் சாக்கெட்டே போதாதா?

அஸ்தம்பட்டி வாசி:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் பழைய ஸ்விஃப்ட் ஒன்று இருக்கிறது. மாமனாரின் இன்னோவாவும் பெரும்பாலும் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. மாதம் இருமுறையாவது ஏற்காடு ஏறி இறங்குகிறோம். சென்ற மாதம் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பதினொன்றாவதைத் தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சரானது. ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது. ஆனால் வண்டியோடு வந்த வீல் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதித்தும் நட்டு அசையவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் கீழே ஒரு டயர் கடையில் ஏர் கன்னை வைத்து முறுக்கி அனுப்பியிருந்தார்கள். பின்னால் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் நீளமான இரும்புக் குழாயைக் கொடுத்து உதவியிராவிட்டால் அன்றிரவு அங்கேயே கழிந்திருக்கும்.

அந்த வெறுப்பில், நட்டை அடித்து அடித்துச் சுழற்றும், பாட்டரியில் ஓடும் அரை அங்குல இம்பாக்ட் கன் ஒன்றை வாங்கிவிட்டேன். நட்டின் மேல் கவிழ்த்துத் திருகும் சாக்கெட்டுகளில், அப்பா வைத்திருந்த பளபளக்கும் குரோம் சாக்கெட்டுகளையே இதில் மாட்டலாமா, அல்லது கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட் தனியாக வாங்கத்தான் வேண்டுமா? கடையில் பத்து அளவுகள் கொண்ட பெட்டியைக் காட்டி, இது இல்லாமல் கன்னைத் தொடவே கூடாது என்றார்கள். விற்பவரே சொல்வதால் சந்தேகமாக இருக்கிறது.

ஓமலூர் சாலைப் பட்டறை:
தம்பி, கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. கன்னில் குரோம் சாக்கெட்டை மாட்டக் கூடாது என்பது சரி. பத்து அளவும் வேண்டும் என்பது அவருடைய வியாபாரம்.

கையால் திருகும் சாக்கெட்டைக் கெட்டியாகப் பதப்படுத்தியிருப்பார்கள். சுவர் மெலிதாக இருந்தும் ராட்சட் என்ற கைப்பிடிச் சாவியின் சீரான இழுப்பை அது தாங்குவதற்குக் காரணம் அந்தக் கடினத்தன்மைதான். இம்பாக்ட் கன் இழுப்பதில்லை, அடிக்கிறது. இன்றைய பாட்டரி கன்கள் பலவும் நிமிடத்துக்கு 3000 அடிகளுக்கு மேல் கொடுக்கின்றன. கடினமான பொருள் வளைந்து கொடுக்காது, ஒரு நாள் பிளந்துவிடும். இம்பாக்ட் சாக்கெட்டைச் சற்று இளக்கமாகப் பதப்படுத்தி, அந்தக் குறையைச் சரிக்கட்டச் சுவரைத் தடிமனாக்குகிறார்கள். அதனால் அது தேயும், வாய் அகன்று போகும், ஆனால் பொதுவாகத் துண்டாகத் தெறிக்காது. பட்டறையில் எனக்கு 22 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு பையன் அவசரத்தில் ஏர் கன்னில் 17 மில்லிமீட்டர் குரோம் சாக்கெட்டைப் போட்டு அழுத்தியபோது, அரிசி மணி அளவுள்ள சில்லு ஒன்று அவனுடைய கண்ணாடியில் பட்டு அங்கேயே ஒரு வெள்ளைப் புள்ளியை விட்டுச் சென்றது. கண்ணாடி போட்டிருந்தான் என்பதால் இதை இவ்வளவு அமைதியாக எழுத முடிகிறது.

மலைத்தோட்டம்:
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அதை அப்படியே வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவது பொருந்தவில்லை. நான் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் பார்த்துக்கொள்கிறேன். ஒரு ஜீப், ஒரு பிக்கப், மருந்தடிக்கும் இயந்திரங்கள் ஆகியவற்றையெல்லாம் மூன்று ஆண்டுகளாகப் பாட்டரி கன்னும் பழைய குரோம் சாக்கெட்டுகளும் கொண்டே கழற்றி மாட்டுகிறேன்; இதுவரை ஒன்றுகூடப் பிளக்கவில்லை. உங்கள் பட்டறையில் கம்ப்ரஸரில் ஓடும் கன் நாள் முழுவதும் அடிக்கிறது. என் கன் மாதத்தில் பத்து நிமிடம் ஓடினால் அதிகம்.

இரண்டாவது, பெட்டியின் மேல் எழுதியிருக்கும் குரோம் மாலிப்டினம் என்ற பெயர். அதில் குரோமியம் சுமார் ஒரு சதவீதம், மாலிப்டினம் சுமார் கால் சதவீதத்துக்குள். கைச் சாக்கெட்டின் குரோம் வனேடியத்திலும் குரோமியம் கிட்டத்தட்ட அதே அளவுதான். கால் சதவீத வேறுபாட்டுக்கு இரு மடங்கு விலை கேட்பது எனக்குப் புரியவில்லை.

மூன்றாவதை இங்கு வாழ்பவர்கள்தான் அறிவார்கள். 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியாகக் கொட்டகைக்குள்ளேயே வந்துவிடும். அந்தக் கறுப்புப் பூச்சு ஈரத்தைத் தாங்குவதில்லை. ஒருமுறை கறுப்புச் சாக்கெட் ஒன்றை வாங்கி ஐப்பசி மழையில் மறந்து வைத்தேன். கார்த்திகையில் எடுத்தபோது செம்மண்ணில் புரட்டியது போல இருந்தது. பக்கத்தில் கிடந்த குரோம் சாக்கெட் துடைத்ததும் பளிச்சென்றது.

ஓமலூர் சாலைப் பட்டறை:
துருவைப் பற்றி நீங்கள் சொல்வது முழு உண்மை. கறுப்பு என்பது பெரும்பாலும் பாஸ்பேட் அல்லது ஆக்சைடு பூச்சு. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை, எண்ணெய் காய்ந்தால் துரு வரும். கன்னில் குரோம் முலாம் உரிந்து, கத்தி முனை போன்ற செதில்களாகக் கையைக் கிழிக்கும் என்பதால்தான் முலாமே பூசுவதில்லை. பயன்படுத்தியதும் பழைய என்ஜின் ஆயில் தோய்ந்த துணியால் துடைத்து வைத்தால் மலையிலும் நிற்கும்.

உலோகத்தின் பெயரைப் பற்றியும் உங்களோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். பெயரைவிட, எந்த வெப்பத்தில் பதப்படுத்தினார்கள், சுவர் எவ்வளவு தடிமன் என்பதே முக்கியம். அதனால்தான் மலிவான பெட்டியில் ‘குரோம் மாலிப்டினம்’ என்று அச்சடித்திருப்பதை மட்டும் நான் நம்புவதில்லை. இயந்திரத்தால் இயக்கும் சாக்கெட்டுக்கான ஐஎஸ்ஓ 2725-2 அல்லது டிஐஎன் 3129 என்ற தர எண் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். ஆனால் அதே காரணம் உங்கள் வாதத்தையும் வெட்டுகிறது: உலோகம் கிட்டத்தட்ட ஒன்றே என்றால், பதப்படுத்தலும் தடிமனும்தான் வேறுபாடு, அந்த இரண்டும் உங்கள் குரோம் சாக்கெட்டில் கைக்காகவே அமைந்தவை.

மாதம் பத்து நிமிடம் என்கிறீர்கள். பத்து நிமிடத்தில் எத்தனை ஆயிரம் அடிகள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். விரிசல் ஓய்வு நாளில் மூடிக்கொள்வதில்லை.

சங்ககிரி சக்கரம்:
லாரிக்காரன் ஒருவன் குறுக்கிடுவதை மன்னிக்க வேண்டும். எங்கள் ஊரில் இந்த விவாதமே எழாது. கனரக லாரிச் சக்கரத்தின் நட்டு 32 அல்லது 33 மில்லிமீட்டர்; ஒரு அங்குல கன்னோடு தடித்த கறுப்புச் சாக்கெட்டைத் தவிர வேறெதையும் யாரும் நினைப்பதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: நான் பார்த்த விபத்துகளில் சாக்கெட்டைவிட இடையில் மாட்டும் துண்டுகள் உடைந்ததே அதிகம். அரை அங்குல கன்னில் முக்கால் அங்குலச் சாக்கெட்டை ஏற்ற ஒரு அடாப்டர், எட்டவில்லை என்று ஒரு எக்ஸ்டென்ஷன், அதற்கும் மேல் கழுத்தாட்டும் ஜாயின்ட். இப்படி அடுக்கினால் அடியின் வேகம் வழியிலேயே செத்துவிடுகிறது. நட்டு கழல்வதில்லை, நடுவில் உள்ளது முறிகிறது. நீளமான சாக்கெட் ஒன்றை வாங்கினால் இவற்றில் பாதி தேவைப்படாது.

அஸ்தம்பட்டி வாசி:
சரி, வாங்குவது என்றே வைத்துக்கொள்வோம். எந்த அளவு, எந்த வடிவம்? இதற்கிடையே வீட்டில் ஒருவர், நம் சேலத்திலேயே உருக்காலை இருக்கும்போது எவர்சில்வரில் சாக்கெட் செய்ய மாட்டார்களா, துருவும் பிடிக்காதே என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஓமலூர் சாலைப் பட்டறை:
நல்ல கேள்விதான். துருவை எதிர்க்க எவர்சில்வருக்குக் குறைந்தது பத்தரை சதவீதக் குரோமியம் வேண்டும். அதில் பாத்திரத்துக்குப் போகும் வகை, அடி தாங்கும் அளவுக்குப் பதமேறாது. பளபளக்கும் சாக்கெட் எவர்சில்வர் அல்ல. சாதாரணக் கலப்பு உருக்கின் மேல் மெல்லிய முலாம், அவ்வளவுதான்.

உங்களுக்கு வேண்டியவை: ஸ்விஃப்டுக்கு 19 மில்லிமீட்டர், இன்னோவாவுக்கு 21. டயர் கடையில் நட்டை மாற்றியிருக்கவும் கூடும் என்பதால் வாங்கும் முன் அளந்துவிடுங்கள். 17, 19, 21 என்று மூன்றாக வரும் செட் கிடைத்தால் அதையே எடுக்கலாம். ட்ரைவ், அதாவது கன்னின் முனை நுழையும் சதுரத் துளை, அரை அங்குலம், பட்டறைப் பேச்சில் நாலு நூல். ஆறு முனை உள்ளதாக மட்டுமே பாருங்கள். பன்னிரண்டு முனைச் சாக்கெட் நட்டின் கூரிய முனைகளை மட்டும் பிடித்து மழுக்கிவிடும். ஆறு முனையில் பக்கவாட்டுத் தளமே சுமையை வாங்கிக்கொள்கிறது. அலாய் வீல் என்றால் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. தடித்த சாக்கெட் நட்டுக் குழிக்குள் நுழையாது, அல்லது நுழைந்து பெயின்ட்டைச் சுரண்டும். அதற்கென்றே மெல்லிய சுவரும், வெளியே பிளாஸ்டிக் உறையும் கொண்டு நீளமாக வரும் இம்பாக்ட் சாக்கெட் இருக்கிறது. உறை சுழலாமல் நிற்க, உள்ளே சாக்கெட் மட்டும் சுழலும்.

மலைத்தோட்டம்:
இங்கேதான் உங்களைப் பிடிக்கிறேன். தடித்த சுவர்தான் பாதுகாப்பு என்றீர்கள். இப்போது மெல்லிய சுவர் கொண்டதை நீங்களே பரிந்துரைக்கிறீர்கள். மெல்லிய கறுப்புச் சாக்கெட் தாங்கும் என்றால் மெல்லிய குரோம் சாக்கெட் ஏன் தாங்காது?

ஓமலூர் சாலைப் பட்டறை:
நியாயமான அடி. மெல்லிய சுவர் உள்ள இம்பாக்ட் சாக்கெட்டின் ஆயுள் குறைவுதான். என்னிடம் அது தடித்ததைவிட விரைவில் வாய் அகன்று போகிறது. அதனால் அதைச் சக்கர நட்டுக்கு மட்டும் வைத்திருக்கிறேன், சஸ்பென்ஷன் போல்ட்டுக்குத் தருவதில்லை. ஆனால் ‘வாய் அகன்று போகிறது’ என்று எழுதினேன், ‘பிளந்து போகிறது’ என்று எழுதவில்லை. என் வேறுபாடு முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

இன்னொன்று. கழற்றுவதற்கு மட்டும்தான் கன். மாட்டும்போது நட்டைக் கையால் நாலைந்து மரை ஏற்றிவிட்டு, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, முடிவில் முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் வையுங்கள். கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும்; சரியான எண் வண்டிக் கையேட்டில் இருக்கும். பதினொன்றாவது வளைவில் நீங்கள் நின்றதற்குக் காரணம் சாக்கெட் அல்ல, இந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் விட்டவர்கள்.

சங்ககிரி சக்கரம்:
கன்னின் முனையில் சாக்கெட் எப்படி நிற்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில கன்களில் உராய்வு வளையம் மட்டும் இருக்கும். வீட்டுக்கு அது போதும். எங்கள் பெரிய கன்களில் குறுக்கே ஊசி செருகி, மேலே ரப்பர் வளையம் போட்டுவிடுவோம். அந்த வளையம் இற்றுப்போனால் கன் ஓடும்போதே சாக்கெட் கழன்று பறக்கும்.

மலைத்தோட்டம்:
இரண்டு நாட்களாக எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. என் வாதத்தை நிரூபிப்பதற்காகவே கன்னில் அதிகம் ஓடிய எட்டுக் குரோம் சாக்கெட்டுகளையும் வெயிலில் பரப்பினேன். ஏழில் ஒன்றும் தெரியவில்லை. 19-இல் மட்டும் உள்முனை ஒன்றிலிருந்து விளிம்பு வரை முடி போல ஒரு கோடு. கண்ணுக்குக் கீறலாகத்தான் தோன்றுகிறது, நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. ஒன்றே ஒன்று. அதுவும் சக்கரத்துக்கு அதிகம் உழைத்தது. இதை வைத்து மற்ற ஏழையும் தூக்கி எறிய மாட்டேன்.

ஓமலூர் சாலைப் பட்டறை:
எறிய வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஏழையும் சுத்தமாகக் கழுவி, ஓர் இரவு மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறப் போடுங்கள். காலையில் உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, சாக்பீஸைப் பொடியாக்கி மேலே தூவி அரை மணி நேரம் விடுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் வெள்ளைப் பொடியில் கோடாகக் கசியும்.

மலைத்தோட்டம்:
செய்தேன். 17-இல் ஒரு கோடு, 21-இல் இரண்டு. மீதி ஐந்து சுத்தமாக இருக்கின்றன. அவற்றை ராட்சட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை சேலம் இறங்கும்போது கறுப்பில் அந்த மூன்று அளவுகளை மட்டும் வாங்குவேன். துருவைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.