மாதாமாதம் பணம் அனுப்பும் நாய்க் காப்பகம் இந்த நிலைமையில் இருக்கிறது, தொடர்ந்து அனுப்பலாமா?

அவிநாசிக்காரன்:
திருப்பூர் பக்கம் ஒரு நாய்க் காப்பகத்துக்கு மாதாமாதம் கொஞ்சம் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். போன ஞாயிறு சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனால், தகரக் கொட்டகையில் ஒரு அறைக்கு ஏழெட்டு நாய், குட்டியும் பெரியதும் கலந்து கிடக்கிறது, கழிச்சல் எடுத்த ஒரு குட்டி ஓரமாகச் சுருண்டிருக்க அதே தட்டில் மற்றவை தின்கின்றன. வேலைக்கு இருப்பது ஒரு அம்மாவும் ஒரு பையனும்தான். நடத்துகிறவரைத் திட்டவும் மனசு வரவில்லை, மனுசன் மெடிக்கலில் கடன் சொல்லித்தான் மருந்தே வாங்குகிறார். தொடர்ந்து அனுப்புவதா, நிறுத்திவிட்டு வேறு இடம் பார்ப்பதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

சூலூர் அக்கா:
உடனே நிறுத்திடாதீங்க தம்பி. வண்டியில் அடிபட்டது, புழு வைத்த புண் என்று போட்டோ போட்டால் அன்றைக்கே ஜிபேயில் பணம் விழும். அந்த நாய் பிழைத்து, பின்னங்கால் விழுந்துபோய், வருசக்கணக்கில் அங்கேயே இருக்குமே, அதற்கு யார் தருகிறார்கள்? சம்பளம், கரண்ட் பில், தண்ணி லாரி, இதையெல்லாம் போட்டோ எடுத்துப் போட்டால் ஒரு லைக் வராது. இதில் ராத்திரியோடு ராத்திரியாகக் குட்டிகளைச் சாக்கில் கட்டி கேட்டில் போட்டுவிட்டுப் போகிற புண்ணியவான்கள் வேறு. இடம் இல்லை என்று சொல்லத் தெரியாத காப்பகம்தான் முதலில் நாறிப்போகும். எத்தனை நாய்க்கு இடம் இருக்கிறது என்று அவரிடமே கேளுங்க. "எது வந்தாலும் எடுத்துக்குவோம்" என்றார் என்றால் நீங்கள் எவ்வளவு அனுப்பினாலும் பத்தாது.

நாமக்கல் ஊசி:
எனக்கு அந்தக் கழிச்சல் குட்டிதான் உறுத்துகிறது. பார்வோ என்கிற கழிச்சல் வைரஸாக இருந்தால் அந்த அறையில் ஊசி போடாத குட்டி ஒன்றுகூடத் தப்புவது கஷ்டம். பினாயில் ஊற்றிக் கழுவுவார்கள், அதற்கெல்லாம் அந்தக் கிருமி அசையாது. கழிவைச் சுத்தமாக வழித்துக் கழுவிவிட்டு பிளீச்சிங் கரைசலை ஊற்றிப் பத்து நிமிசமாவது ஊற விடவேண்டும். மண் தரை என்றால் அதுவும் பலிக்காது, மாதக்கணக்கில் மண்ணிலேயே கிடக்கும். புதிதாக வருவதை இரண்டு வாரம் தனியாக வைக்க ஒரு அறை, அதற்கென்று தனித் தட்டு, தனி விளக்குமாறு. குட்டிகளுக்கு ஆறேழு வாரத்தில் ஆரம்பித்து பதினாறு வாரம் வரை இடைவெளி விட்டு ஊசி. இதற்கு ஆகிற செலவு, பார்வோ வந்த குட்டிக்கு நாலைந்து நாள் டிரிப் ஏற்றுகிற செலவைவிடக் கம்மிதான். அப்புறம், அந்த அம்மாவும் பையனும் வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே ஊசி போட்டிருக்கிறார்களா? நாய்க்குப் போட்டாச்சா என்று எல்லோரும் கேட்பார்கள், இதை ஒருத்தரும் கேட்பதில்லை.

ஈரோடு கணக்குப்பிள்ளை:
எல்லாம் சரிங்க, ரசீது தருகிறாரா? பணம் டிரஸ்ட் கணக்குக்குப் போகிறதா, அவருடைய சொந்த நம்பருக்கா? கடனில் மருந்து வாங்குகிற நல்ல மனுசனும், நாயைக் காட்டி வசூல் செய்கிறவனும் வெளியில் பார்க்க ஒரே மாதிரிதான் இருப்பார்கள், நோட்டைப் புரட்டினால்தான் தெரியும். வரிச்சலுகையை நம்பிக் கொடுக்கிறீர்கள் என்றால், நன்கொடைக்கு வரிக்கழிவு தருகிற 80ஜி பதிவு இருக்கிற இடத்துக்கே ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது, அரிசி முட்டையாகக் கொடுத்தாலும் கிடையாது, புது வரி முறைக்கு மாறியிருந்தால் பேச்சே இல்லை. இன்னொன்று. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டில் பிடிக்கிற நாய்களைத் திரும்ப அங்கேயே விடாமல் காப்பகத்தில் வைக்கச் சொல்லி 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. உத்தரவு போட்டாச்சு, சோறு யார் போடுவது என்று பார்த்தால் கடைசியில் இந்த மாதிரி ஆட்கள் தலையில்தான் வந்து விடியும்.

அவிநாசிக்காரன்:
நன்றிங்க. ரசீது கேட்டதற்கு, "பிள்ளைகிட்ட எழுதச் சொல்றேன்" என்றார். இந்த மாதம் அவர் கையில் கொடுக்காமல் மெடிக்கல் பாக்கியில் கொஞ்சத்தை நேராகக் கடையில் கட்டிவிட்டு, ஊசிக்கு ஒரு டாக்டரைக் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன். தனி அறைக்கு இடம் இருக்கிறது, தளம்தான் போடவேண்டும். கீழே விரிக்க எங்கள் கம்பெனியில் பனியன் கட்டிங் வேஸ்ட் மூட்டைமூட்டையாகக் கிடக்கிறது, கொண்டுபோய்ப் போடலாமா?

நாமக்கல் ஊசி:
தாராளமாக. எலாஸ்டிக், நூல் கண்டு, பட்டன் எதுவும் வராமல் பார்த்துப் பொறுக்கிப் போடுங்க, முழுங்கிவிட்டால் குடலில் சுற்றிக்கொள்ளும், அப்புறம் ஆபரேஷன்தான். கழிச்சல் குட்டிக்கு விரித்த துணியைத் துவைக்க வேண்டாம், எரித்துவிடச் சொல்லுங்க.