பத்து வயசுப் பெடியனுக்கு முசுப்பாத்தியான கதைப்புத்தகம் எது?

நல்லூர்_அம்மா:
வணக்கம், மகன் அஞ்சாம் ஆண்டு, புலமைப்பரிசில் சோதினை முடிஞ்சுது, இனிக் கொஞ்ச நாளைக்கு பாஸ் பேப்பர் எண்ட கதையே வீட்டிலை எடுக்கக்கூடாது எண்டு சொல்லிப்போட்டான். வாசிக்க விருப்பம்தான், ஆனா நீதிக்கதை, பெரியாக்களின்ரை வரலாறு எண்டால் ரெண்டாம் பக்கத்திலையே மூடி வைச்சிடுவான். பள்ளிக்கூடத்துப் பெடியன் ஒருத்தன், கெட்டிக்காரன், நல்ல குழப்படி, வாசிக்கச் சிரிப்பு வரோணும், அப்பிடி ஒரு நாவல் சொல்லுங்கோ. அப்பப்பா வேறை அறிவு வளருற புத்தகமாப் பாத்து வாங்கு எண்டு நிக்கிறார்.

கொக்குவிலான்:
அக்கா, ஆர்.கே.நாராயணின்ரை சுவாமியும் நண்பர்களும். 1935இலை வந்த அவற்றை முதல் நாவல், தமிழிலையும் இருக்கு. அதிலை தேப்பன் ஒரு கணக்குக் குடுப்பார், ராமனிட்டை பத்து மாம்பழம், பதினைஞ்சு அணாவுக்கு விக்கோணும், கிருஷ்ணனுக்கு நாலு பழம் காணும், எவ்வளவு குடுப்பான் எண்டு. பெடியன் யோசிச்சு யோசிச்சுப்போட்டு அப்பா, மாம்பழம் பழுத்ததோ எண்டு கேப்பான். தேப்பனுக்குச் சிரிப்பு வரும், காட்டமாட்டார். எனக்கு இப்ப வாசிச்சாலும் சிரிப்பை அடக்கேலாது 😂

நல்லூர்_அம்மா:
தம்பி இதை அப்பப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன், அது கறுத்தக்கொழும்பானோ விலாட்டோ எண்டு சொல்லாமல் என்னண்டு விலை போடுறது எண்டு கேக்கிறார்.

ஓய்வு_வாத்தி:
சுவாமி நல்ல பிள்ளை, ஆனா பிள்ளை கேட்டது கெட்டிக்காரன் எல்லோ. அதுக்கு டொம் சோயர்தான் ஆள், மார்க் ட்வெயின் 1876இலை எழுதினது. சனிக்கிழமை வேலிக்கு வெள்ளை அடிக்கச் சொல்லிப் பெரியம்மா விடுறா, இவன் அது ஏதோ பெரிய பாக்கியம் மாதிரி ரசிச்சு ரசிச்சு அடிக்க, பகிடி பண்ண வந்த பெடியள் எங்களையும் அடிக்க விடு எண்டு கெஞ்சி, பட்டம், மாபிள், கயித்திலை கட்டின செத்த எலி எண்டு கையிலை இருந்ததெல்லாத்தையும் குடுத்து முழு வேலையையும் முடிச்சுக் குடுக்கிறாங்கள். எங்கடை பக்கத்திலை கிடுகு வேலி அடைச்சுக் கை கிழிஞ்ச ஆக்களுக்கு இவனிலை பொறாமைதான் வரும். ஒண்டு சொல்லோணும், பேந்து சவக்காலையிலை ஒரு கொலை வருது, இரவிலை பயப்பிடுற பிள்ளை எண்டால் கூட இருந்து வாசியுங்கோ. இன்னொண்டு, மாக்ஸ் எடுக்கிறவனை வைச்சுச் சிரிப்புக் கதை எழுதுறது கஷ்டம், டியூசனுக்குப் போய் மூண்டு மணித்தியாலம் இருந்து வாறவனிட்டை என்ன கதை இருக்கு?

லாசப்பல்_மாமி:
மாஸ்டர் சொன்னது சரி. இஞ்சை பிரான்சிலை பிள்ளையள் சின்ன நிக்கொலா எண்டு ஒண்டு வாசிக்குங்கள், அஸ்டெரிக்ஸ் எண்ட படக்கதை எழுதின கொசினிதான் எழுதினவர், படம் சாம்பே. வகுப்பிலை முதலாம் பிள்ளையா ஒரு அன்யான், ரீச்சற்றை செல்லம், ஆனா கண்ணாடி போட்டிருக்கிறதாலை நினைச்ச நேரம் அடிக்கேலாது எண்டதுதான் மற்றப் பெடியளின்ரை பெரிய கவலை. இது நாவல் இல்லை, குட்டிக் குட்டிக் கதையள், படுக்க முதல் ஒண்டு வாசிச்சால் காணும். இங்கிலீசிலை கிடைக்கும்.

கொக்குவிலான்:
அப்பப்பாவைச் சமாளிக்க வழி இருக்கு அக்கா, மடோல் தூவ. மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இலை எழுதின சிங்கள நாவல், தமிழிலையும் வந்தது. உபாலி எண்டு ஒரு பெடியன், குழப்படியிலை ஊரே களைச்சுப் போகும், ஜின்னா எண்ட கூட்டாளியோடை வீட்டை விட்டு ஓடிப்போய் ஆளில்லாத ஒரு தீவிலை காடு வெட்டிப் பயிர் செய்யிறாங்கள். முழுக்கப் பகிடி எண்டு சொல்லமாட்டன், பாதிக்குப் பிறகு கொஞ்சம் சீரியஸ். ஆனா தோட்டம் செய்து உழைக்கிற பெடியன் எண்டால் கிழவர் ஒண்டும் சொல்லமாட்டார். வாங்க முதல் பொது நூலகத்துச் சிறுவர் பகுதியிலை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.

நல்லூர்_அம்மா:
சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போறன். டொம் சோயரை மட்டும் கொஞ்சம் பிந்திக் குடுப்பம், முத்தம் கூட்டுற வேலையை இப்பவே தங்கச்சியின்ரை தலையிலை கட்டிப்போடுறான்.