படத்தில் வரும் நர்ஸ், வார்டில் நிற்கும் நர்ஸ்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கவிதா:
நைட் ட்யூட்டி. வயசான ஒரு அம்மாவுக்கு நரம்பே கிடைக்கவில்லை, வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் குழாய் ஊசி) போட இடம் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்து பெட் நோயாளிக்குத் துணைக்கு இருந்த பையன் மொபைலைத் தூக்கிப் பிடித்து, "சிஸ்டர், இந்தப் பக்கம் ஒரு தடவை பாருங்க" என்கிறான். ஊசி முனை தோலுக்குள் இருக்கிறது! காலையில் குத்துப்பாட்டோடு ரீல்ஸ் ஆகிவிட்டது. கீழே வந்த கமெண்டுகளை இங்கே எழுத மாட்டேன். அந்த அம்மாவின் முகமும் அதில் தெரிகிறதே என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

ஐசியூ அக்கா:
என்னுடையது நெஞ்சில் வைக்கும் கரண்ட் ஷாக் கதை. மானிட்டரில் நேர்கோடு. நான் நெஞ்சை அழுத்துகிறேன், இன்னொரு சிஸ்டர் அட்ரினலின் போடுகிறார். மகன் உள்ளே புகுந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "ஷாக் வைக்காம எங்கப்பாவைப் போட்டு அமுக்கிக்கிட்டு இருக்கீங்களே!" நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது. இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போதுதான் வைப்போம். படங்களில் நேர்கோட்டில்தான் வைக்கிறார்கள், அதுவும் டாக்டர் வைப்பார், நர்ஸ் பக்கத்தில் ட்ரே பிடிப்பார். அவர் இழுத்த அந்தச் சில நொடிகள் அழுத்தம் நின்றுபோனது. அது இன்னும் மனசை அறுக்கிறது.

திருச்சி ரசிகன்:
எல்லாப் படத்தையும் சேர்த்துத் திட்டாதீர்கள். மலையாளப் படம் 'டேக் ஆஃப்' (2017) ஈராக்கில் சிக்கிய நர்சுகளின் கதைதானே? இன்னொரு மலையாளப் படம் 'வைரஸ்' (2019) நிபா காய்ச்சலில் இறந்த கேரள நர்ஸ் லினியை எவ்வளவு மரியாதையாகக் காட்டியது! என் தங்கையும் நர்ஸ்தான். அதைப் பார்த்த இரவு அவள் சாப்பிடவே இல்லை.

பிரதர் செல்வம்:
ரசிகன் சார், இரண்டையும் நானும் பார்த்தேன். ஒன்றில் நர்ஸ் பிணைக்கைதியாக வேண்டும், இன்னொன்றில் சாக வேண்டும். அப்போதுதான் மரியாதையா? எம்.ஆர்.பி. (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வெழுதி 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்கள் 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் (மருத்துவப் பணிகள் இயக்ககம்) வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்களே, அதை எந்தப் படத்தில் பார்த்தீர்கள்? என் கதை சின்னது. டிரெஸ்ஸிங் மாற்றப் போனேன். "நர்ஸம்மா வரட்டும், நீ வார்டு பாய்தானே" என்று காலை இழுத்துக்கொண்டார் பெரியவர். திரையில் ஆண் நர்ஸைப் பார்த்திருந்தால்தானே அவருக்குத் தெரியும்?

லலிதா (ஓய்வு):
எங்கள் காலத்தில் மொபைல் இல்லை, படம் பார்த்துவிட்டு வந்து வாயால் கேலி செய்வார்கள். கவிதா, நீ முதலில் லிங்க்கையும் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வை, அவன் அழித்துவிடுவான். கமெண்டுகளையும் விடாதே. நர்சிங் சூப்பரின்டெண்டண்டிடம் எழுத்தில் கொடு, நகலில் சீலும் தேதியும் வாங்கு. வாயால் சொன்னது நிற்காது. அப்புறம் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதிவு செய். அந்த அம்மா வீட்டாரும் சேர்ந்து கொடுத்தால் பலம். தனியாகப் போகாதே, ட்யூட்டியில் இருந்த இன்னொரு சிஸ்டரைச் சாட்சியாகக் கூட்டிப் போ. அந்தப் பையனிடம் நேரில் சண்டைக்குப் போகவே போகாதே, அதையும் வீடியோ எடுப்பான்.

கவிதா:
லிங்க் எடுத்து வைத்துவிட்டேன் லலிதாக்கா. அந்த அம்மா நேற்று டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார். ரீல்ஸ் விஷயம் அவர் மகளுக்கு இன்னும் தெரியாது. இன்று சாயங்காலம் போன் போட்டுச் சொல்லப் போகிறேன்.